நூற்றேழு பாகை

2012 செப்டெம்பர் 22, சனிக்கிழமை. காலை 4.40க்கு எழும்பினேன். சுபஹ் தொழுததும் தண்ணீர் வேலை. எங்கள் வீட்டில் இரண்டு தண்ணீர் உண்டு. கிணற்றுத் தண்ணீர் உவர் என்பதால் அது கழுவவும் துவைக்கவும்தான். பவுசர் வண்டியில் வருவது நல்ல தண்ணீர், குடிக்கவும் சமைக்கவும். நீலக் கானில் மூன்று விரல் உயரத்துக்கு மட்டுமே நல்ல தண்ணீர் இருந்தது. ஆறு மணிக்கு வெளிச்சுவரில் தொங்கும் வெப்பமானி 26.5 பாகை காட்டியது. தென்மேற்குக் காற்று பலமாக வீசியது. காலைச் சாப்பாடு பாணும் பருப்பும். 7.10 பஸ் 7.25க்கு வந்தது.

இவ்வளவும் அன்றைய நாட்குறிப்பின் முதல் வரிகள். நான் எல்லாவற்றையும் எழுதி வைப்பவள். பதினெட்டு வயதில், போர்க் காலத்தில், மன்னார்ப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து புத்தளத்து அகதி முகாமின் ஓலைக் கொட்டிலுக்கு வந்த வாரத்தில் தொடங்கிய பழக்கம் அது. எதையெல்லாம் விட்டுவிட்டு வந்தோம் என்று ஒரு பட்டியல் எழுதினேன். அதன்பிறகு எழுதுவதை நிறுத்தவே இல்லை.

அந்த ஆண்டு நான் ஒரு பாடசாலையில் இரசாயனவியல் ஆசிரியை. ஆய்வுகூடமும் என் பொறுப்பில் இருந்தது. அருகிலிருந்த உப்பளத்தின் நிர்வாகம் தன் தொழிலாளர் ஆறு பேருக்கு அடிப்படை இரசாயனம் சொல்லிக்கொடுக்கும்படி கேட்டிருந்தது. சனிக்கிழமைகளில் எங்கள் ஆய்வுகூடத்தில் வகுப்பு. மூன்று மாதம் முடிந்ததும் யார் தகுதி, யார் தகுதியில்லை என்று நான் ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். தகுதி என்றவர்கள் வெயிலிலிருந்து சோதனை அறைக்குப் போவார்கள். அங்கே ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு மின்விசிறி. உப்பின் ஈரத்தையும் அழுக்கையும் அளந்து எழுதுவதுதான் வேலை. எத்தனை பேர் என்ற கட்டுப்பாடு இல்லை. ஆறு பேரும் தேறினால் ஆறு பேரும் போகலாம்.

அந்த ஆறு பேரில் ஒருத்தி, முகாமில் எங்களுக்கு அடுத்த கொட்டிலில் இருந்தவள். என்னைவிட மூன்று வயது இளையவள். இடம்பெயர்ந்த ஆண்டில் சாதாரண தரப் பரீட்சை எழுத இருந்தாள், எழுதவில்லை. நான் உயர்தரத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். என் வாப்பா ஆசிரியர் என்பதால் முகாமிலும் என் படிப்பு நிற்கவில்லை. தண்ணீர் பவுசர் வந்தால் வரிசையில் இரண்டு மணி நேரம் நிற்க வேண்டும். எங்கள் வீட்டு முறை வரும்போதெல்லாம் அவள் வந்து குடத்தைத் தூக்கிக்கொள்வாள்.

"நீங்க படிங்க ராத்தா. ரெண்டு குடத்தையும் நான் எடுத்திட்டு வாறன். எனக்கென்ன, புத்தகமா காத்துக்கிட்டிருக்கு?" என்பாள்.

ஒரு வருடம் முழுக்க அப்படி எடுத்து வந்தாள். நான் பரீட்சையில் தேறிப் பயிற்சிக் கல்லூரிக்குப் போனேன். அவள் உப்பளத்துக்குப் போனாள். இருபது வருடமாக உப்பு வாருகிறாள். உப்பு விளையும் பாத்தியின் தண்ணீரில் நின்று நின்று அவளுடைய குதிக்கால்கள் வெடித்திருந்தன. பிளவுகளுக்குள் மெழுகு உருக்கி ஊற்றுவாள். முதல் நாள் வகுப்பில் பெயர்ப் பதிவு செய்யும்போது அவள் மேசைக்குக் கீழே ஒரு காலால் மற்றக் காலை மறைத்துக்கொண்டதைப் பார்த்தேன்.

வகுப்பில் அவள் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டாள். அது எனக்கு நிம்மதியாக இருந்தது. தெரிந்தவள் என்பதால் சலுகை காட்டுகிறேன் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது. அதனால் மற்றவர்களிடம் ஒருமுறை கேட்பதை அவளிடம் இரண்டுமுறை கேட்டேன். மற்றவர்களின் கொப்பியில் விட்டுவிடும் சிறு பிழைகளை அவளுடைய கொப்பியில் சிவப்பால் சுற்றினேன். அதை நீதி என்று நினைத்திருந்தேன்.

அன்றுதான் கடைசிச் செய்முறை. ஈயத்தின் தன்வெப்பக் கொள்ளளவைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு கிராம் பொருளை ஒரு பாகை சூடாக்க எவ்வளவு வெப்பம் வேண்டும் என்பதுதான் அது. தண்ணீருக்கு 4.2 யூல். ஈயத்துக்கு மிகக் குறைவு. வலைக்குக் கட்டும் ஈயக் குண்டுகளை மாம்புரிக் கடற்கரையிலிருந்து ஒருவர் கொண்டுவந்து கொடுத்திருந்தார். ஆளுக்கு 200 கிராம் நிறுத்துக் கொடுத்தேன். குண்டுகளைக் கொதிக்கும் தண்ணீரில் பத்து நிமிடம் வைத்திருக்க வேண்டும். பிறகு சூட்டை வெளியே விடாத ரெஜிபோம் கோப்பையிலுள்ள 100 கிராம் நல்ல தண்ணீருக்குள் சட்டென்று போட்டுக் கலக்க வேண்டும். கோப்பைத் தண்ணீர் எத்தனை பாகை ஏறியது என்று பார்த்தால் அது பெற்ற வெப்பம் தெரியும். அதே வெப்பத்தைத்தான் ஈயம் இழந்திருக்கும். அதிலிருந்து ஈயத்தின் எண் வரும்.

ஆய்வுகூடத்திலும் வீட்டைப் போலவே இரண்டு தண்ணீர்தான். மூடியுள்ள வெள்ளை வாளியில் நல்ல தண்ணீர். கறுப்பு வாளியில் கிணற்று உவர்த் தண்ணீர். நல்ல தண்ணீரைக் கோப்பைக்கு மட்டும் எடுக்க வேண்டும், கொதிக்க வைக்கக் கறுப்பு வாளி என்பது நான் போட்ட சட்டம். நான் கொடுத்த தாளிலும் முதல் வரியாக அச்சடித்திருந்தேன்: கொதிநீரின் வெப்பநிலை 100 பாகை.

மண்ணெண்ணெய் அடுப்புகள் இரைந்துகொண்டிருந்தன. ஆறு பேரில் மூத்தவர், தராசுக் கொட்டிலில் வேலை செய்பவர், எல்லோரும் நானா என்று கூப்பிடுபவர், அவர்தான் எங்கள் வகுப்பின் பகிடிக்காரர்.

"டீச்சர், சூடு எவ்வளவு எண்டு தெரியிறதுக்கு இந்தக் கண்ணாடிக் குச்சி என்னத்துக்கு? பகல் பன்னிரண்டுக்கு எங்கட பாத்தியில காலை வெச்சுப் பாருங்க. கணக்கு தானா வரும்" என்றார்.

"உங்கட காலுக்கு எங்க நானா தெரியும்? நீங்க நிழல்ல குந்திக்கிட்டு மூடைய எண்ணுற ஆள்" என்றாள் அவள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பதினொன்றரைக்குத் தாள்களை வாங்கினேன். ஐந்து தாள்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருந்தன. கோப்பைத் தண்ணீர் 30.0 பாகையிலிருந்து 34.5க்கு ஏறியிருந்தது. 4.5ஐ 100ஆலும் 4.2ஆலும் பெருக்கினால் 1890 யூல். ஈயம் 100இலிருந்து 34.5க்கு இறங்கியிருந்தது, 65.5 பாகை. 1890ஐ 200ஆலும் 65.5ஆலும் வகுத்தால் 0.144. ஆய்வுகூடச் சுவரில் தொங்கும் அட்டவணையில் ஈயத்துக்கு 0.13 என்று இருக்கும். கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் இப்படிப்பட்ட கோப்பையில் இது இயல்பான பிழை. ஐந்து பேருக்கும் சரி போட்டேன்.

ஆறாவது தாள் அவளுடையது. நான் அச்சடித்திருந்த 100ஐ ஒரு கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் 107 என்று எழுதியிருந்தாள். கோப்பைத் தண்ணீர் அவளுக்கும் 34.5தான். ஈயம் இறங்கியது 72.5 பாகை. விடை 0.130.

எனக்கு முகம் சூடானது. தண்ணீர் நூறில் கொதிக்கும். நூற்றேழில் கொதிக்கும் தண்ணீர் கிடையாது. அப்படியிருக்க விடை மட்டும் அட்டவணையில் உள்ளபடி அச்சொட்டாக வந்திருக்கிறது. ஒரு வழியில்தான் அது நடக்க முடியும் என்று நினைத்தேன். சுவரில் இருக்கும் எண்ணைப் பார்த்து, அது வருவதற்கு எந்த வெப்பநிலை வேண்டும் என்று பின்னாலிருந்து கணக்குப் போட்டிருக்கிறாள்.

"இது என்ன?" என்று கேட்டேன். எல்லோரும் இருக்கும்போதே கேட்டேன்.

"வெந்நீர்ட சூடு, டீச்சர்."

"வெந்நீர் எத்தனையில கொதிக்கும்?"

"நூறு எண்டு நீங்க சொன்னீங்க. ஆனா நான் குச்சிய விட்டுப் பார்த்தன். நூற்றேழு."

"வேற யாருக்காவது நூற்றேழு வந்ததா?"

நானா தன் பேனையின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஐந்து பேரும் வெப்பமானியை வெந்நீருக்குள் விடவே இல்லை, தாளில் இருந்ததை அப்படியே எழுதினார்கள் என்பது அப்போது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை.

"விடையப் பார்த்திட்டுக் கணக்கப் பின்னுக்கிருந்து போட்டிருக்கீங்க" என்றேன். "சோதனை அறையில இப்படி எழுதினா முழுக் களத்துட உப்பும் பிழையாப் போகும்."

"நான் கண்ணால பார்த்ததத்தான் எழுதினன், டீச்சர்."

"கண்ணுல பிழையா, கையில பிழையா எண்டு எனக்குத் தெரியும்."

அவள் என்னிடமிருந்து தன் தாளைத் திரும்ப வாங்கினாள். அதை மடித்துப் பைக்குள் வைத்தாள். தன் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள். பக்கத்து மேசைக் கோப்பையையும் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

ஒன்றரைக்கு உப்பளத்தின் மேற்பார்வையாளர் மோட்டார் சைக்கிளில் வந்தார். சிங்களவர், ஆனால் எங்களோடு தமிழில்தான் கதைப்பார்.

"மிஸ், எல்லாம் ஹரியா?"

"ஒண்டைத் தவிர எல்லாம் சரி" என்று தகுதித் தாளை வைத்திருந்த உறையைக் கொடுத்தேன்.

"நாளைக்கு விடிய ஆறு மணிக்குப் பேர் வாசிப்போம். சந்தோஷமான வேலை மிஸ், அது" என்றார். உப்பு வாரும் காலத்தில் ஞாயிறும் வேலை நாள். காலையில் எல்லோரும் வாசலில் கூடும்போதுதான் அறிவித்தல்கள் சொல்வார்கள்.

வீட்டுக்கு வந்து சமைத்து, சாப்பிட்டு, அஸர் தொழுதுவிட்டு, தேத்தண்ணியோடு நாட்குறிப்பை எடுத்தேன். காலை வரிகளுக்குக் கீழே இப்படி எழுதினேன்: "ஐந்து பேர் தகுதி. ஒருவர் வாசிப்பைத் திரித்தார்." செலவான மண்ணெண்ணெயையும் குறிக்க வேண்டியிருந்தது. வாரத்தின் தொடக்கத்தில் எத்தனை லீற்றர் இருந்தது என்று பார்ப்பதற்காகப் பின்பக்கம் புரட்டினேன்.

வியாழக்கிழமைப் பக்கத்தின் கடைசி வரி, என் கையெழுத்தில்: "பத்தாம் வகுப்பு உப்புப் படியவைக்கும் செய்முறைக்காக உப்பளத்திலிருந்து பாத்தித் தண்ணீர் கொண்டுவந்து கறுப்பு வாளியில் ஊற்றியுள்ளனர். நாளை வாளியில் எழுதி ஒட்ட வேண்டும்."

நான் எழுதி ஒட்டவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காகப் பாடசாலை நேரத்தோடு விட்டது. நான் ஆய்வுகூடத்தைத் திறக்கவே இல்லை.

கிணற்று உவரில் உப்பு கொஞ்சம்தான். அது நூறை ஒட்டித்தான் கொதிக்கும். ஆனால் பாத்தித் தண்ணீர் உப்பாகிப் படிவதற்குக் கொஞ்சம் முந்திய தண்ணீர். அவ்வளவு உப்பு கரைந்த தண்ணீர் நூறில் கொதிக்காது. நூற்றேழு, நூற்றெட்டு வரை போகும். இதைப் பதினேழு வருடமாக நான்தான் உயர்தர வகுப்புக்குப் படிப்பித்து வருகிறேன். கரும்பலகையில் வரைபு கீறிக் காட்டியிருக்கிறேன். உப்பு விளையும் ஊரில் இருந்துகொண்டு, உப்பளக்காரர் ஆறு பேருக்கு நடுவில் நின்று, அதை மறந்துபோனேன்.

ஒரு கடதாசியில் கணக்கை மறுபடி போட்டேன். 1890, 200, 72.5. 0.130. அவள் பின்னாலிருந்து போடவில்லை. முன்னாலிருந்துதான் போட்டிருக்கிறாள். அன்று அந்த அறையில் நேர்மையாக எழுதப்பட்ட தாள் அது ஒன்றுதான். மற்ற ஐந்து பேரும் பார்க்காததை எழுதினார்கள், அவர்களுக்குச் சரி போட்டேன். அப்படி எழுதும்படி சொன்னதும் நானே அச்சடித்த வரிதான்.

என் கணவர் வெளியே போய்வந்து கதிரையில் உட்கார்ந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"ஒரு வாசிப்புத்தானே. அடுத்த முறை பார்க்கலாம்" என்றார்.

"அடுத்த முறை எண்டு ஒண்டு இல்ல. நாளைக்கு விடிய வாசிக்கிறாங்க."

"அப்ப இப்பவே போய்ச் சொல்லிட்டு வாவன். அவட வீடு என்ன, சிலாபத்திலயா இருக்கு?"

அவள் வீடு இருபத்தைந்து நிமிட நடை. மணி ஐந்தேகால். மஃரிபுக்கு முன்னால் போய்ச் சொல்லியிருக்கலாம். நான் எழும்பி முகம் கழுவினேன். சால்வையை எடுத்தேன். பிறகு இரவுச் சாப்பாட்டுக்கு மாவு பிசைய வேண்டும் என்று சொல்லி சால்வையைக் கொடியில் போட்டேன். மாவு பிசைய அவசரமே இல்லை. அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பயம், அவ்வளவுதான். குடத்தோடு என் கொட்டில் வாசலில் நின்றவளின் முகம். அதைப் பார்த்துவிட்டுத்தானே கண்ணில் பிழையா, கையில் பிழையா என்று எனக்குத் தெரியும் என்றேன்.

இதற்குப் பிறகு நடந்ததையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவள் சோதனை அறைக்குப் போனாள், இன்றும் அங்கேதான் இருக்கிறாள். குதிக்கால் வெடிப்புகள் ஆறிவிட்டதாகச் சொன்னாள். இதைக் கேட்பவர்கள், எல்லாம் நல்லபடியாக முடிந்ததே, ஏன் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாய் என்பார்கள். அவர்களுக்கு நான் சொல்லாத ஒன்று உண்டு. அடுத்த மாதம் சோதனை அறைக்கான மேலதிகப் பயிற்சிக்கு அவள் மூன்று சனிக்கிழமை என்னிடம் வந்தாள். முதல் நாள் வெப்பமானியைக் கையில் எடுத்தாள். அதைத் தண்ணீருக்குள் விடுவதற்கு முன் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"இது எவ்வளவு வரவேணும், டீச்சர்?"

"வாறத எழுதுங்க" என்றேன்.

"ஓம். ஆனா எவ்வளவு வரவேணும்?"

மூன்று சனிக்கிழமையும் அப்படித்தான் கேட்டாள். பகிடியாகக் கேட்கவில்லை, குத்திக்காட்டவும் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள். செப்டெம்பர் 22 காலைவரை அவளுக்கு அந்தக் கேள்வி இருக்கவில்லை. அதை நான்தான் அவளுக்குப் படிப்பித்தேன்.

மறுநாள், செப்டெம்பர் 23. அன்றைய பக்கத்தில் காலை வெப்பநிலை இல்லை. நான் நாட்குறிப்பு எழுதும் வருடங்களில் அது விடுபட்ட காலைகள் மிகக் குறைவு. சுபஹ் தொழுததும் சால்வையைப் போட்டுக்கொண்டு, சிவப்புப் பேனையை எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டு முச்சக்கர வண்டிக்காரரை எழுப்பினேன். ஐந்து நாற்பத்தாறுக்கு உப்பள வாசலில் இறங்கினேன். ஏற்கனவே முப்பது நாற்பது பேர் நின்றார்கள். அவள் கடைசியில், காலில் சாக்குத் துண்டு சுற்றிக்கொண்டு, உப்பு வாரும் பலகையை நட்டுப் பிடித்தபடி நின்றாள். நானா என்னைக் கண்டதும், "டீச்சரும் உப்பு வார வந்திட்டாபோல" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

மேற்பார்வையாளரிடம் போய் உறையைத் திரும்பக் கேட்டேன்.

"என்ன மிஸ், பிழையா?"

"ஓம். என்ட பிழை" என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன். "வாளியில இருந்தது உங்கட பாத்தித் தண்ணி. அது நூற்றேழிலதான் கொதிக்கும். இவ சரியா வாசிச்சிருக்கிறா. நான் பொய் எண்டு சொல்லிட்டன்."

அவள் பலகையை மற்றக் கைக்கு மாற்றினாள்.

"எனக்குத் தெரியும் டீச்சர், அது பாத்தித் தண்ணி எண்டு" என்றாள். "கை வெச்சதும் தடிப்பா இருந்திச்சு. நீங்க வேணுமெண்டுதான் வெச்சிருக்கீங்க எண்டு நினைச்சன்."

"ஏன் அப்ப சொல்லயில்ல?"

"நீங்க என்ன தண்ணி எண்டு கேட்கயில்லயே. என்ன பிழை எண்டுதானே கேட்டீங்க."

உறையிலிருந்த தாளை மோட்டார் சைக்கிளின் இருக்கையில் விரித்தேன். அவளுடைய பெயருக்கு நேரே நான் எழுதியிருந்த "தகுதியில்லை"யை ஒரு கோட்டால் வெட்டினேன், அவள் என் 100ஐ வெட்டியிருந்த மாதிரியே. பக்கத்தில் எழுதினேன்: "தகுதி. வாசிப்பு 107, சரி. பிழை ஆசிரியையுடையது." கீழே கையெழுத்தும் திகதியும் போட்டு, மணிக்கூட்டைப் பார்த்து நேரத்தையும் எழுதினேன். 5.52.